கழுதைப்புலிக்கு வாசித்துக் காட்ட உகந்த நூல்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலை மாதாமாதம் ஒரு செய்தி மடல் போடுகிறது. நுழைவுச்சீட்டு வாங்குகிற ஜன்னல் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். வெயில் ஏறிய பிறகு விசிறிக்கொள்வதற்காக ஜனங்கள் அதை விரும்பி எடுப்பார்கள். அந்த மடலுக்கு, 'விலங்குக் காப்பாளராக விரும்புவோர் படிக்க வேண்டிய நூல்கள்' என்ற தலைப்பில் எழுதித் தரச்சொல்லி என்னைக் கேட்டார்கள். ஏன் என்னை என்றால், என் மனைவியின் தங்கை அப்போதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "எங்க மாமா எழுத்தாளர்" என்று போகிற போக்கில் சொல்லிவைத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இந்தத் தகவலை வெளியாட்களிடம் சொல்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். விலங்குகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு தடையாகவே தோன்றவில்லை. வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒரு நாவலே எழுதி, அதை அச்சிலும் பார்த்துவிட்டவன் நான்.

தொடக்கம், முதல் முயற்சி: "விலங்குகளுக்கும் நூல்களுக்குமான உறவு மிகத் தொன்மையானது. மனிதன் தோலில் எழுதத் தொடங்கிய நாள் முதலாக

(மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "தோல உரிச்சதத்தான் உறவுன்னு சொல்றீங்களா?" என்றாள். வரியை அடித்துவிட்டேன்.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி: "நல்ல காப்பாளருக்கு வேண்டிய குணங்கள் மூன்று. முதலாவது பொறுமை. இரண்டாவது

(மூன்று என்று எந்தத் தைரியத்தில் எழுதினேனோ. இரண்டாவதே கடைசிவரை வரவில்லை.)

தொடக்கம், மூன்றாம் முயற்சி: "என் கொழுந்தியாள் ஒரு கழுதைப்புலிக்கு என் நாவலை வாசித்துக் காட்டினாள்."

இந்த வாக்கியத்தை எழுதியதும் கட்டுரை அதே இடத்தில் உயிரை விட்டது. மடலில் என் பக்கத்துக்குக் குரங்குகளின் பல் சுகாதாரம் பற்றி வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது நன்றாகவும் இருந்தது. என்னிடம் மிஞ்சியது இந்த வாக்கியம் மட்டும். அதை நீங்கள் நம்ப வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. ஆனாலும் அக்காவுக்கு இளையவள் என்பதால் சின்னவள். கல்யாணம் ஒத்துவராமல் போனபின் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். அதுவரை அது என் எழுத்தறை. (குறையாகச் சொல்லவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்த காலத்தில் அந்த அறையில் உருப்படியாக ஒன்றும் நடந்ததில்லை.) என் நாவலின் விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாக அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. "இருக்கட்டும் மாமா, கட்டில் ஆடாம நிக்குது" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள்.

அவள் வேலை பார்த்தது காது மிஷின் விற்கிற கடையில். வயதானவர்களை மகனோ மருமகளோ கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். "எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது, இவங்கதான் முணுமுணுன்னு பேசுறாங்க" என்று அவர்கள் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்கள். சின்னவள் எதிரே உட்கார்ந்து, முகத்தை நேராகக் காட்டி, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் பேசிப் பேசியே மிஷினைக் காதில் பொருத்தி அனுப்பிவிடுவாள். பிறகு முதலாளி கடையை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துகொண்டார்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. கடையின் கடைசி நாளில் காலியான கண்ணாடிப் பெட்டிகளைச் சின்னவள் நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றதாக எழுதியிருந்தேன். எனக்கே கண் கலங்கியது. அவளிடம் காட்டினேன். "நான் எங்க மாமா தடவினேன்? தொடச்சுக்கிட்டிருந்தேன். வாங்கின ஆளு தொடச்சுக் குடுத்துட்டுப் போகச் சொன்னாரு" என்றாள். பத்தி போய்விட்டது.]

சும்மா இருந்த நாட்களில் ஒருநாள் செல்போனை அக்காவிடம் நீட்டினாள். மிருகக்காட்சிசாலைக்குக் காப்பாளர்கள் வேண்டும்; முன் அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; பழக்கிக்கொள்வார்கள்.

"சாணி அள்ற வேலைடி" என்றாள் என் மனைவி.

"இவ்வளவு நாளா காதுக்குள்ள என்ன அள்ளிக்கிட்டிருந்தேன்னு நெனச்ச?"

அக்கா செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சின்னவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, இந்த வேலைக்கு என்ன படிக்கலாம்?"

என்ன படிக்கலாம் என்று என்னை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த காலத்தில் ஒரு ஆமை கிழடாகியிருக்கும். அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். தலைப்பில் விலங்கு இருந்த நாவல், கவிதை, சிறுகதை எல்லாவற்றையும் உருவி அவள் கையில் அடுக்கினேன். அந்த நூல்களில் நரி என்றால் அதிகாரம். பறவை என்றால் விடுதலை. கூண்டில் உலவும் புலி என்றால் பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்.

அவள் அத்தனையையும் படித்தாள். அதுதான் அவளிடம் உள்ள ஆபத்து. சொன்னால் செய்துவிடுவாள். ஒருநாள் ஒரு நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, இந்த யானைக்கு யாரு தண்ணி வெக்கிறாங்க?"

"எந்த யானைக்கு?"

"கதை முழுக்க வாசல்ல நிக்குதே. கடைசிப் பக்கம் வரைக்கும் ஒருத்தரும் ஒரு வாளி தண்ணி கொண்டுவந்து வெக்கல."

"அது யானை இல்லம்மா. அது நினைவு."

கொஞ்சம் யோசித்தாள். "நினைவுன்னா மட்டும் தாகம் எடுக்காதா?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நான் அந்த நாவலை வாங்கி அலமாரியிலேயே செருகிவிட்டேன்.

3

நேர்காணல் காட்சியை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "அவள் நிமிர்ந்தாள். 'ஐயா, ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது' என்றாள். அறையில் அமைதி

இல்லை. அப்படியெல்லாம் பேசுகிறவளை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நானே சேர்த்துக்கொள்ள மாட்டேன்.

நடந்தது வேறு. நேர்காணல் செய்தவர் ஒரு பெண், தலைமைக் காப்பாளர். இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தின் எடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் சாவியம்மா.

"மிருகம்னா பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னும் பழகல மேடம். பழகிட்டுச் சொல்றேன்."

"ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

"படிச்சேன். அதுல யாருமே கூட்டிப் பெருக்கல."

சாவியம்மா சிரித்திருக்கிறார். சோதனைக் காலத்துக்கு எடுத்துக்கொண்டு, கையோடு படிக்கவும் கொடுத்தார். அவைதான் மெய்யான பரிந்துரை நூல்கள். எச்சத்தைப் பார்த்து உடல்நிலை அறிவது எப்படி என்று வண்ணப் படங்களோடு ஒன்று. அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்று மனைவி முதல் நாளே தடை போட்டாள். எந்த விலங்குக்கு எதை, எப்படி வெட்டிப் போடுவது என்று ஒன்று. கதவுகளைப் பற்றி மட்டும் ஒரு மெல்லிய கையேடு. அதன் முதல் வரி: "பூட்டு. இழுத்துப் பார். வேறொருவரை இழுத்துப் பார்க்கச் சொல்."

அதைப் படித்த அன்று எனக்குப் பொறாமையில் சாப்பாடு இறங்கவில்லை. என் நாவலின் முதல் வாக்கியம் ஒரு பக்கத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் யாரும் எதையும் பூட்டவில்லை, திறக்கவும் இல்லை.*

* அடுத்த பக்கத்தில் ஒரு ஜன்னல் வருகிறது. அது முதலிலிருந்தே திறந்துதான் இருக்கிறது.

4

இப்போது கழுதைப்புலி வருகிறது. வருகிறது என்று எழுதிவிட்டேன். அது வரவே இல்லை, அதுதான் பிரச்சினை.

எங்கோ ஒரு தனியார் காட்சிசாலையை இழுத்து மூடியபோது அங்கிருந்து கொண்டுவந்த பெண் கழுதைப்புலி. உடம்பெல்லாம் வரி, முதுகு பின்பக்கமாகச் சரிந்திருக்கும், வயதாகிவிட்டது. வந்த நாளிலிருந்து உள்ளறை மூலையில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. ஆள் நடமாட்டம் இருந்தால் சாப்பிடாது. யார் என்ன செய்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் காப்பாளர்கள் அதற்குச் சம்பந்தியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்கு ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. பல்லில் கோளாறு என்று மிருக டாக்டர் தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார். வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு மயக்க வேண்டும். தூரத்திலிருந்து மருந்துத் துப்பாக்கியால் சுட்டால் மிரண்டு ஓடும். இந்த வயதில் இதயம் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். தானாக நடந்து கூண்டுப்பெட்டிக்குள் வந்துவிட்டால், கம்பி வழியாகச் சின்ன ஊசி போதும். வரவேண்டுமானால் மனிதக் குரல் என்றால் ஆபத்து இல்லை என்று அதற்குப் பட வேண்டும்.

"பெட்டியத் தொறந்து வெச்சு, உள்ள கறியப் போட்டுட்டு, தள்ளி உக்காந்து பேசிக்கிட்டே இரு" என்றார் சாவியம்மா. "அதப் பாக்காத. குரல ஏத்தாத, எறக்காத."

"என்ன பேசறது மேடம், தெனமும்?"

"பேச வரலன்னா எதையாவது படி."

மற்றக் காப்பாளர்களுக்கு அவரவர் வேலை. புதிதாக வந்தவள் கையில் இது வந்து விழுந்தது. வாயால் யாரும் சொல்லவில்லையே தவிர, இதில் அவள் தேறுவதைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சின்னவளுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்பது எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒருநாள் தங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். எங்கள் பாசம் அந்தமாதிரி. கதவைத் தட்டாமல் உள்ளே வரும்.

முதலில் ஒரு துப்பறியும் நாவல் கொண்டுபோனாள். கொலை நெருங்க நெருங்க அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. சம்பந்தியம்மாவுக்குப் பிடரிமயிர் சிலிர்த்துக்கொண்டது. மறுநாள் செய்தித்தாள். இரண்டாம் பக்கத்திலேயே இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அதன்பின் ஒரு காதல் கதை. அதில் இவள் அழுது மூக்கை உறிஞ்ச, அந்தச் சத்தத்துக்கே அது மூலைக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தவள், கை கீழே தொங்க, என் நாவல் கட்டு ஒன்றைத் தொட்டிருக்கிறாள்.

5

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள், சாப்பாட்டு மேசையில்.

எங்கள் வீட்டில் அந்தச் சொற்களுக்குப் பிறகு சரியாக எடுத்துக்கொள்ளக்கூடிய எதையும் யாரும் சொன்னதில்லை.

"உங்க நாவல்தான் ஒத்துவந்துச்சு."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். இப்படிப்பட்ட தருணத்தில் ஒருவன் கையில் கரண்டி இருக்கக் கூடாது. "ஒத்துவந்துச்சுன்னா?"

"குரல் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஏத்துறதுக்கு எங்கயும் எடமே இல்ல மாமா. அவரு பாட்டுக்கு ஜன்னல் ஓரமா உக்காந்து யோசிக்கிறாரு. சரி, இப்ப எழுந்திரிப்பாருன்னு பாத்தா, எழுந்திரிச்சு அடுத்த ஜன்னலுக்குப் போறாரு."

"அது கதையில முக்கியமான திருப்பம்."

"ஆமா, அங்கதான் சம்பந்தியம்மா சாப்பிட ஆரம்பிச்சா."

என் மனைவி தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே எழுந்து போனவள், சமையலறையிலிருந்து வெகுநேரம் திரும்பவில்லை.

நான் புண்பட்டேன் என்று எழுத ஆசை. அதைவிட ஒரு கேவலமான உணர்ச்சி வந்தது: போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சாவியம்மா அனுமதித்தார்.

கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, கிருமிநாசினி நெடி, சுருட்டி மாட்டிய ரப்பர் குழாய், அதற்கப்பால் கம்பிவலை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் சின்னவள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். அது என் குரல் இல்லை. நான் எழுதியபோது என் காதில் கேட்ட குரலும் இல்லை. மழை நின்றபிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி ஒரு குரல். என் வாக்கியங்கள் அதில் ஒவ்வொன்றாக விழுந்தன. எங்கே நிறுத்தற்குறி என்று எனக்கே தெரியவில்லை.

மூலையில் ஏதோ எழுந்தது. முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து, இரவல் வாங்கிய கால்களில் நடக்கிற மாதிரி வந்தது. பெட்டியின் வாசலில் தலையை மட்டும் நுழைத்து, நல்ல தாடைப் பக்கமாகக் கறியை ஒதுக்கி மென்றது. பெரிய காதுகளில் ஒன்று சின்னவள் பக்கம் திரும்பியே இருந்தது. என்னை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.*

 * என் நூல் வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு விசாரித்ததில், அவர் பக்கத்து அரங்கில் நடந்த வேறொரு நிகழ்ச்சிக்கு வந்தவர்.

6

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு சின்ன வேடிக்கைக் கதையாக இருந்திருக்கும். நான் சும்மா இருந்திருந்தால் நிறுத்தியும் இருக்கலாம்.

நாவல் முடியப்போகிறது என்று தெரிந்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. "முடிஞ்சா மறுபடி மொதல்லேருந்து படிக்கப் போறேன், அதுக்கென்ன" என்றுதான் சின்னவள் சொன்னாள். யாரும் கேட்காத இரண்டாம் பாகத்தை எழுத நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாசகர் காத்திருக்கிறார். அவருக்கு வேண்டியதும் தெரியும். ஒன்றும் நடக்கக் கூடாது. அவ்வளவுதான். என்னைவிட்டால் அதற்கு வேறு ஆள் ஏது?

ஜன்னலோர மனிதனை மறுபடி உட்கார வைத்தேன். அவன் தெருவைப் பார்த்தான். தெருவில் ஒரு பெண் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். (வேண்டாம் என்று எனக்கே தெரிந்தது.) தொலைந்தது வீட்டுச் சாவி. அவன் எழுந்து படியிறங்கினான். இத்தனை காலம் அசையாதவன் நான் பிடித்து நிறுத்தியும் நிற்கவில்லை. இருவரும் சேர்ந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. சரி, பூட்டையாவது பார்க்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனார்கள். போனால், கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

விறுவிறுவென்று எழுதி, காலையில் அவள் கிளம்பும்போது கையில் திணித்தேன். "புதுசு. இதையும் படிச்சுப் பாரு."

என் மேல் உள்ள பிரியத்தில் அவள் மறுக்கவில்லை. முன்கூட்டியே புரட்டிப் பார்க்கவும் நேரமில்லை. அங்கே உட்கார்ந்து நேராக வாசிக்க ஆரம்பித்திருக்கிறாள். சம்பந்தியம்மா அன்று அதிசயமாகப் பாதி உடம்பைப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தது. கதவு திறந்திருந்த இடத்துக்கு வந்தபோது சின்னவளுக்கு மூச்சு நின்றது. குரல் நின்றது. அவசரமாகத் தாளைத் திருப்பினாள். அந்தச் சரசரப்பில் அது பின்னால் பாய்ந்து, வீங்கிய தாடையை இரும்பு விளிம்பில் இடித்துக்கொண்டு, மூலைக்கு ஓடிச் சுருண்டுவிட்டது.

அதன்பிறகு அது சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இனி அதிகம் காத்திருக்க முடியாது, துப்பாக்கியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

"என்னத்தப் படிச்ச?" என்று சாவியம்மா கேட்டிருக்கிறார்.

"நான்தான் மேடம், என்ன இருக்குன்னு பாக்காமப் படிச்சுட்டேன்." என் பெயரை அவள் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தாள்களை என் முன்னால் வைத்தாள். "இது வேணாம் மாமா."

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் வேணாம். அடுத்து என்ன ஆகுமோன்னு தாளத் திருப்பாம இருக்க முடியல."

என் எழுத்தைப் பற்றி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. அதற்குக் கூலியாக ஒரு கிழட்டுப் பிராணி அடிபட்டு, பட்டினியாக மூலையில் கிடந்தது. சந்தோஷப்படலாமா என்று மனைவியைப் பார்த்தேன். கூடாது என்று தலையை ஆட்டினாள்.

சின்னவள் அறை வாசல் வரை போய்த் திரும்பினாள். "அந்தக் கதவு ஏன் தொறந்திருந்துச்சு?"

"தெரியல. இன்னும் எழுதல."

"ம்" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய நாவலை எடுத்துக்கொண்டாள்.

7

மறுபடி முதல் பக்கத்திலிருந்து. வாளியை இன்னும் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். இடைவேளையிலும், வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் வாசித்தாள். வீட்டுக்கு வரும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். அக்கா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். என்னோடு அக்கா அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. ஒருநாள் அது தலையைத் திருப்பியது. இன்னொரு நாள் எழுந்து நின்றது. பிறகு பெட்டி வாசலுக்கு வந்து, கறியைக் கவ்விக்கொண்டு மூலைக்கே போய்விட்டது. அதுவே பெரிய விஷயம் என்றார் சாவியம்மா.

பெட்டியை மூடுவதென்று முடிவு செய்த காலை, டாக்டரும் சாவியம்மாவும் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். இனி எழுதுவது சாவியம்மா எனக்குச் சொன்னது.

சின்னவள் ஒரு கையில் நாவல், மறு கையில் பெட்டிக்கதவை இறக்கும் கயிறு. சம்பந்தியம்மா தலையை நுழைத்தது, தோள் நுழைந்தது, வயிறு நுழைந்தது. பின்கால்கள் வெளியே. அந்த நேரம் பார்த்துப் பக்கம் முடிந்துவிட்டது. புரட்ட இன்னொரு கை இல்லை. நிறுத்தினால் அது ஓடிவிடும். அவள் நிறுத்தவில்லை. அதே குரலில், புத்தகத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்:

"மிஷின மாட்டினதும் மொதல்ல எல்லாச் சத்தமும் பெருசாத்தான் கேக்கும். தட்டு வெக்கிறது, குழாய்ல தண்ணி வர்றது, உங்க குரலே உங்களுக்குப் புதுசா இருக்கும். பயந்து கழட்டி வெச்சுடாதீங்க. கொஞ்சங்கொஞ்சமாப் பழகிடும். தூங்கும்போது மட்டும் எடுத்து வெச்சுருங்க. தண்ணி படாமப் பாத்துக்குங்க. ஏதாவதுன்னா வாங்க, நான் இங்கதான் இருப்பேன்."

பின்கால்கள் உள்ளே போயின. கயிறு தளர்ந்தது. கதவு சத்தமில்லாமல் இறங்கியது. அவள் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து, "மேடம், நீங்களும் ஒரு தடவ இழுத்துப் பாருங்க" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்ததாகச் சாவியம்மா சொன்னார். சின்னவளைக் கேட்டால், "தொண்டை கட்டியிருந்துச்சு மாமா" என்கிறாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

ஊசி போட்டபின் என்ன ஆனது? கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

செய்தி மடலுக்கான முடிவு: அது கண்விழித்து, சின்னவளின் கையை நக்குகிறது. (கம்பிக்கு வெளியே நக்க வசதியில்லை. தவிர, நக்க விடுகிறவளுக்கு வேலை போய்விடும்.)

பரிசுக்கு அனுப்புகிற கதைக்கான முடிவு: அது கண்விழிக்கவில்லை. நாவலின் கடைசிப் பக்கம் காற்றில்

(இதை எழுதும்போது கை கூசியது. பாதியில் விட்டுவிட்டேன்.)

நடந்தது: உடைந்து சீழ்வைத்திருந்த பல்லை டாக்டர் எடுத்தார். சாயங்காலத்துக்குள் சம்பந்தியம்மா எழுந்து, தள்ளாடி நின்று, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொஞ்ச நாளில் பகல் வெளிச்சத்தில் வெளிமுற்றத்துக்கே வர ஆரம்பித்தது. சின்னவளுக்கு வேலை நிரந்தரமானது. அன்று மனைவி என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தாள்; முதல் வார்த்தை, "அந்தக் கட்டுல ரெண்டு புத்தகம் எடுத்துக் குடுங்க, என் சிநேகிதிக்குத் தூக்கமே வரல்லையாம்."

8

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கதையின் அடியில் ஒரு கோடுகூடப் போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்தச் சேதி வந்தது. வெகு தூரத்தில் ஒரு பெரிய காட்சிசாலையில் வயதான ஆண் கழுதைப்புலி ஒன்று துணையில்லாமல் இருக்கிறதாம். மண்மேடும் புதருமாக விசாலமான இடம். சம்பந்தியம்மாவை அங்கே அனுப்பத் தீர்மானித்துவிட்டார்கள். பழகிய காப்பாளர் கூட வந்தால் அங்கேயே நிரந்தர வேலை, தங்க ஒரு சின்ன வீடு. அவளுக்கே அவளுக்கென்று ஒரு வாசல். போகிறாளா இல்லையா என்று சின்னவள் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

சேதி கேட்டதிலிருந்து என் மனைவி கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுகிறாள். கல்யாணம் முறிந்து தங்கை பெட்டியோடு வந்து நின்ற அன்றும் அவள் இதைத்தான் செய்தாள்.

கொஞ்சம் முன்னால் சின்னவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மேலே உள்ளதையெல்லாம் படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள், எந்த இடம் என்று காட்ட மறுத்துவிட்டாள்.

"கடைசில என்ன எழுதப் போறீங்க?"

"ரெண்டு விதமாவும் எழுதி வெச்சிருக்கேன். நீ போற மாதிரி ஒண்ணு. இங்கயே இருக்கற மாதிரி ஒண்ணு."

"எது நல்லா வந்திருக்கு?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு அதுதானே தொழில். ஆனால் இவள் நான் சொல்வதைச் செய்துவிடுகிறவள். அது நினைவுக்கு வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"போற மாதிரி எழுதினதுதான்."

அவள் தலையசைத்தாள். "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். எதைச் சொல்லக் கூடாது? போவதையா? போகிற கதை நன்றாக வந்திருப்பதையா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

இரண்டு முடிவுகளையும் கிழித்துவிட்டேன். எழுதியதைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. வாசகர்கள்தான் வழக்கமாக அந்த வேலையைச் செய்வார்கள். என் எழுத்தால் உலகில் ஒரு துரும்பும் அசையாது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை காலம் நிம்மதியாக எழுதினேன். சற்றுமுன் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அந்தத் துரும்பு அசைகிறதா என்று பார்க்கவே பயமாக இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் நிற்கிறார்கள். குழாய் திறந்திருந்தவரை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மனைவி குழாயை மூடிவிட்டாள்.

"சொல்லுடி" என்கிறாள்.

நான் எழுந்து இந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் வேண்டுமானால் அங்கேயே நின்று கேளுங்கள். கேட்டதை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். அவர்களில் யாராவது அழுதால், தண்ணீர்ச் சொம்பு அடுப்புக்குப் பக்கத்து மேடையில் இருக்கிறது.